பூஜ்ஜியத்தில் நிற்கும் பாறை

வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் அநியாயம் விபத்தாகிவிடும், ஆயுள் முழுக்க நோட்டீஸ் எழுதி நான் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான். முதலாவது, கல்தூசி. திருச்செங்கோட்டில் நான் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி ஏறிய காலத்தில் தூசிக்கு முகமூடி கேட்டோம், சொந்தத் துண்டை நனைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டியவர்களும் கட்டாதவர்களும் ஒரே மாதிரி இருமிச் செத்தார்கள், காசநோய் என்று எழுதினார்கள். இரண்டாவது, விரல். பைப் மாட்டும்போது போன விரல்களுக்கெல்லாம் கவனக்குறைவு என்று காரணம் வைத்தார்கள். மூன்றாவது, பெயர். எங்கள் ஊர் ஆட்கள் தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் போய்விட, வடக்கே பஸ்தர் காட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று வண்டிக்கு வண்டி ஒரே பெயர்களை வைத்தார்கள். பைப் மாட்டுகிறவன் ராஜா. கம்ப்ரசர் பார்க்கிறவன் பாபு. சோறாக்குகிறவன் முன்னா. ஒரு ராஜா ஊருக்குப் போனால் அடுத்து வருகிறவன் ராஜா, ஹெல்மெட்டோடு பெயரும் கை மாறும். நான்காவது, அதைக் கேட்டதற்காக என் சங்கமே என்னை ஓரங்கட்டியது. மாநாட்டு நோட்டீசில் என் பெயரை எடுத்துவிட்டு ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் என்னைப் போட்டது. ஐந்தாவது, இந்த மலை. எந்தப் பாறை உள்ளே உறைந்திருக்கிறது, எது இல்லை என்று டாக்டரம்மா வரைபடம் போட்டு முடிப்பதற்குள் சாலை நிறுவனம் இந்தச் சரிவில் துளை போடச் சொன்னது. ஆறாவது, வெந்நீர். ஏழாவது, லக்மு மண்டாவி செத்த பிறகு, அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்று சொன்னது. ஏழும் சரியாக இருக்கிறது. மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், கல்தூசி, விரல், பெயர், நோட்டீஸ், மலை, வெந்நீர், ஆளே இல்லை. இந்த உயரத்தில் மூச்சோடு ஞாபகமும் இளைக்கிறது, அதனால்தான் சொல்லிப் பார்க்கிறேன், பயத்தினால் இல்லை.

சரிவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பாறையில் அடித்த கொக்கியில். முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி மலை, காலுக்குக் கீழே வடக்கின் பனிமலைகளுக்கு நடுவே லாஹூல் பள்ளத்தாக்கு, அதில் நூல் போலச் சாலை. எனக்கு முழங்கை தூரத்தில் பாறையில் ஒரு துளை, கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைத்தால் அடங்கும் அளவு. அதற்குள் ஒரு கறுப்புக் கயிறு இறங்கியிருக்கிறது, கயிற்றில் சிறு சிறு தெர்மாமீட்டர்கள் பாசிமணி மாதிரி கோத்திருக்கின்றன, கயிற்றின் மேல்முனை என் கோட்டுக்குள் போகிறது. கோட்டுக்குள் என் நெஞ்சை ஒட்டி ஒரு பெட்டி. குளிரில் பெட்டியின் எண்கள் அணைந்துவிடும், யாராவது ஒருவர் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். துளையின் வாயில் வெயில் படக்கூடாது, குடையால் மறைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நானே இருக்கிறேன் என்றேன். கீழே இறங்கித் துணைத் தாசில்தாரையும் சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு வெயில் போவதற்குள் வந்துவிடுகிறேன் என்று அவர் இந்தியில் மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி சொன்னார். அவர் பெயர் ரிக்சின், நான் டாக்டரம்மா என்கிறேன், மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, மலைக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டர். எல்லோரும் இறங்கிப் போனார்கள். கயிற்றில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் தலைகள் விளிம்புக்குக் கீழே மறைந்தன, கடைசியாக மறைந்தது ஒரு மஞ்சள் ஹெல்மெட், அதில் தமிழில் பெயின்டால் எழுதியிருந்தது ராஜா. செத்தவனின் ஹெல்மெட்டிலும் இதே கையெழுத்தில் இதே இரண்டு எழுத்துகள்தான், ராவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்த ஜா. துளை போடும் குழுவின் மேனேஜர் அர்த்தனாரியின் கையெழுத்து. காலையில் இந்த ராஜாதான் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். நாற்பது வயது இருக்கும், காதோரம் நரைத்த மனிதன், பேசவே மாட்டான். ராஜா, இன்னும் கொஞ்சம் சர்க்கரை என்றேன். கொண்டுவந்தான்.

பெட்டியை வெளியே எடுத்துப் பார்க்கக்கூடாது, கோட்டின் கழுத்து வழியாகக் குனிந்து பார்க்கலாம். பார்க்கிறேன். மேலே இருக்கிற தெர்மாமீட்டர்கள் வெயிலோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்குக் கொள்கை கிடையாது. கீழே இருப்பவை மைனசில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒன்று மட்டும் பூஜ்ஜியம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சுத்தமான பூஜ்ஜியம். டாக்டரம்மா கொடுத்த சிறு புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டேன், நான் எதையும் துண்டுப் பிரசுரமாகக் கிடைத்தால் படித்துவிடுவேன், பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்ததைவிட டீக்கடை வாசலில் கொடுத்த காகிதங்கள் கொடுத்தது அதிகம். இரண்டு வருஷம் தொடர்ந்து உறைந்தே இருந்தால் அதை நிலையாக உறைந்த பாறை என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு வருஷம். நாங்கள் நடத்திய எந்த வேலைநிறுத்தமும் அவ்வளவு காலம் உறைந்து நின்றதில்லை. இந்த மலைகளில் செங்குத்தான பாறைகளின் பிளவுகளுக்குள் பனிக்கட்டி பசை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது, வெளியே பார்த்தால் வெறும் கல், ஒரு துளி ஈரம் தெரியாது. பசை இளகினால் தெருவளவு பாறை ஒன்று சத்தமில்லாமல் கழன்றுவிடும். எங்கே பசை இருக்கிறது என்று வரைபடத்தில் நீலம் பூசுவதுதான் அந்த அம்மாவின் வேலை. நீலம் பூசுவதற்குத் துளை வேண்டும், துளை போட இந்தியா முழுக்க எங்கள் ஊர்க்காரன்தான், ராஜஸ்தான் மணலானாலும் அஸ்ஸாம் சேறானாலும். வண்டி இங்கே ஏறாது, மிஷினைக் கழற்றிக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆனால் கழுதையோடு ஊர்ப் பழக்கத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். துளைக்கு முன்னால் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்களாம், தேங்காய்த் தண்ணீர் ஓட்டுக்குள்ளேயே உறைந்து வெள்ளைப் பந்தாக விழுந்ததாம், எல்லோரும் அதைச் சகுனம் என்று சொல்லாமல் அதிசயம் என்று கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்களாம். ஆயுள் முழுக்கத் தண்ணீரைத் தேடி பூமியைக் குத்தினவர்கள். தண்ணீர் பீறிட்டால் விசில் அடிப்பவர்கள். இங்கே தண்ணீர் வந்தால் ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஐந்தாவது அநியாயத்தில் வருகிறது. அர்த்தனாரிக்கு என்மேல் ஒரு பழைய பாசமும் அதைவிடப் பழைய கடுப்பும் உண்டு, காலையில் நான் கயிற்றில் ஏறி மூச்சு வாங்கி நின்றபோது, ஏனுங்கண்ணா, மலைக்கும் சங்கம் வெக்க வந்துட்டீங்களாட்ட இருக்குது என்றான். கொடி நடறதுக்கு ஓட்டையும் நாங்களே போட்டுக் குடுத்துட்டோம் பாருங்க என்றான். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் ஹெல்மெட் மட்டும் சிரிக்கவில்லை, அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று நினைத்தேன்.

வெந்நீர். அங்கேதான் என் மனம் போய்ப் போய் முட்டுகிறது, தறிநாடாவில் சிக்கிய நூல் மாதிரி. நான் அங்கே இல்லை, எல்லாம் கேட்டதுதான், ஆனால் கேட்டதை நான் பார்த்ததைவிடத் தெளிவாகப் பார்க்கிறேன். இதே சரிவு, இந்த விளிம்புக்குப் பக்கத்து விளிம்பு; இப்போது அந்த விளிம்பு இல்லை, கழுத்தைத் திருப்பினால் அது இருந்த இடம் தெரியும், மற்ற பாறையெல்லாம் துருப்பிடித்த நிறம், அந்த இடம் மட்டும் உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுப்பு. சாலைமேல் கல் விழாமல் வலை கட்டக் கம்பி அடிக்க வேண்டும், அதற்குத் துளை. துளையில் பிட்டு, பைப் முனையில் பாறையைக் குடைகிற இரும்பு, சிக்கிக்கொண்டது. ஊரில் பிட்டு சிக்கினால் என்ன செய்வோம், தண்ணீர் ஊற்றுவோம், ஊறவிட்டு ஆட்டி எடுப்போம், சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்கிற வேலை. ஊற்றிய தண்ணீர் துளைக்குள்ளேயே உறைந்து பிட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் வெந்நீர். டிரம்மில் விறகு போட்டுக் காய்ச்சிக் குடம் குடமாகக் கைமாற்றி ஏற்றினார்கள். பிட்டின் பக்கத்தில் நின்று ஊற்றியவன் லக்மு. அப்போது அவன்தான் ராஜா. இடுப்புக் கயிறு குடத்தில் சிக்குகிறது என்று கொக்கியைக் கழற்றிவிட்டு ஊற்றினானாம். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள். ஆவி பறந்ததாம், பிட்டு இளகியதாம், விசில் அடித்தார்களாம். எங்கள் ஆட்கள் விசில் அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும், அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. அதன்பிறகு மலை பெருமூச்சு விட்டது என்று அன்றைக்குக் கம்ப்ரசர் பார்த்த பாபு சொன்னான். சத்தமில்லைங்க, மூச்சுங்க என்றான். விளிம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, அதற்கும் மலைக்கும் நடுவே ஒரு பிளவு கதவு மாதிரித் திறந்தது, லக்மு அதற்குள் இறங்கினான். விழுந்தானா என்றேன். இல்லைங்க, எறங்குனானுங்க, படியில எறங்கறாப்புல, நின்ன வாக்குலயே. அப்புறம் விளிம்பில் பாதி உடைந்து கீழே போனது, மீதி திரும்பி மலையோடு உட்கார்ந்துகொண்டது, பிளவு மூடிக்கொண்டது. குடம் மட்டும் வெளியே உருண்டு கிடந்ததாம், அதில் வெந்நீர் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். கீழே விழுந்த கல்லையெல்லாம் நிறுவனம் மிஷின் வைத்துப் புரட்டிப் பார்த்தது. ஆள் இல்லை. ஆள் கல்லுக்குக் கீழே இல்லை, மலைக்கு உள்ளே என்று நான் சொன்னபோது நிறுவனத்து இன்ஜினீயர் என்னை வயதான ஆள் என்று பார்த்தார். இங்கே பிளவே கிடையாது, காய்ந்த பாறை என்றார். அதற்கப்புறம்தான் அர்த்தனாரி அந்த ஏழாவது வாசகத்தைச் சொன்னான், நிறுவனம் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்ததோ. ராஜா இங்கதானுங்க இருக்கறான் என்றான். கையைக் காட்டினான். அங்கே சாய்ந்த ஜாவோடு ஒரு மஞ்சள் ஹெல்மெட் நின்றிருந்தது.

ராஜா இங்கேதான் இருக்கிறான். இதை எதிர்த்து எப்படி நோட்டீஸ் எழுதுவது. எவ்வளவோ பொய்களை நான் கிழித்திருக்கிறேன், ஆனால் இது பொய் இல்லை, ராஜா இங்கேதான் இருக்கிறான், தேநீர் கொண்டுவருகிறான், பைப் மாட்டுகிறான், மலை ஒரு ராஜாவை விழுங்கினால் ரயில் இன்னொரு ராஜாவைக் கொண்டுவந்து இறக்குகிறது, குறைந்தது யாருமில்லை. ஊசர்மெட்டா என்ற ஊரிலிருந்து லக்முவின் அண்ணன் போன் செய்தார். சாந்தமான குரல். தம்பி செத்துவிட்டானா ஓடிவிட்டானா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். செத்தவனுக்கு அவர்கள் ஊர் எல்லையில் கல் நிறுத்துவார்களாம், கல் நிறுத்தினால்தான் அவன் மற்ற பெரியவர்களோடு போய்ச் சேர்வானாம், ஓடிப்போனவனுக்குக் கல் நிறுத்த ஊர் சம்மதிக்காது, சர்க்கார் எழுதிக் கொடுத்தால் சம்மதிக்கும். அவன் மனைவி என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். எனக்குச் சாமியில்லை, கல்லில் நம்பிக்கையில்லை, ஆனாலும் சரி ஐயா, எழுதி வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லுக்காகத்தான் இந்தக் கிழட்டு நுரையீரலைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது. டாக்டரம்மா ஒருத்தர்தான் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே பிளவு இருந்து அது பனியால் அடைபட்டிருந்தால் துளையில் தெரியும் என்றார். பனியும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் சூடு ஏறாது, குளிர் இறங்காது, கடைசித் துண்டு பனி கரையும்வரை அல்லது கடைசிச் சொட்டு உறையும்வரை அது பூஜ்ஜியத்திலேயே நிற்கும். துணைத் தாசில்தாரிடம் அவரே போய்ப் பேசினார். தாசில்தார் இரண்டே கேள்வி என்றாராம். ஒரு மனிதன் காணாமல் போகும் அளவுக்கு அங்கே இடம் இருக்கிறதா. அப்படி ஒரு மனிதன் இருந்தானா. இரண்டுக்கும் பதில் கிடைத்தால் நேரில் கண்டதை அந்த இடத்திலேயே மகஜராக எழுதிச் சாட்சிகள் முன்னால் படித்து, இறந்தவர் என்று பதிவு செய்கிறேன் என்றாராம். முதல் கேள்விக்குப் பதில் என் நெஞ்சில் இருக்கிறது. குனிந்து பார்க்கிறேன். பூஜ்ஜியம். அது பிளவு. அது அவன் இருக்கிற ஆழம். அவன் சாக்ஸுக்குள் மிளகாய்ப்பொடி போட்டுக்கொள்வான், குளிருக்கு, ஊரில் சங்கக் கூட்டத்துக்கு வந்தபோதே ஊட்டிக்குப் போனால் அப்படிச் செய்வேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அந்த மிளகாய்ப்பொடி இப்போதும் காந்திக்கொண்டிருக்குமா. இதென்ன நினைப்பு. உறைந்த உடம்பு கெடாது என்று புத்தகத்தில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். வெந்நீர் ஊற்றிய கை ஊற்றிய வாக்கில் இருக்கும். என்னைவிட இளமையாக இருப்பான், நான் செத்த பிறகும், அர்த்தனாரி செத்த பிறகும், இந்தச் சாலையே தேய்ந்து போன பிறகும் முப்பது வயதாகவே இருப்பான்.

வெயில் நகர்ந்துவிட்டது. நிழல் மேலிருந்து இறங்குகிறது, எதிர்ச் சரிவில் இன்னும் வெளிச்சம். குடை இனி வேண்டாம், மடக்கி மடியில் வைக்கிறேன். காற்று நின்றிருக்கிறது, ஆனால் என் கணுக்காலில் காற்று படுகிறது. குனிந்து கையை வைக்கிறேன், விளிம்பும் சுவரும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாத கோடு, அதிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சீராக. இழுத்து, நிறுத்தி, விட்டு. பிளவுகள் இப்படி மூச்சு விடும், உள்ளே குளிர், வெளியே சூடு, புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது, அம்புக்குறி எல்லாம் போட்டு. வாசனையும் வருகிறது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த தொட்டியின் வாசனை, அதற்கடியில் வேறு ஏதோ, காரமாக, இல்லை, அது என் மூக்கு, என் நினைப்பு மூக்கில் ஏறியிருக்கிறது. என் மூச்சும் அதன் மூச்சும் ஒரே நேரத்தில் போகின்றன. நான் வேண்டுமென்றே என் மூச்சை நிறுத்துகிறேன். கணுக்காலில் காற்று நிற்கிறது. விடுகிறேன். வருகிறது. இது தற்செயல், பொருள்முதல்வாதி பயப்படமாட்டான். இனி மூச்சை வைத்து விளையாட வேண்டாம். அப்போது டக் என்று ஒரு சத்தம். எங்கே. முதுகுக்குப் பின்னால், உள்ளே, கீழே. பாறை குளிரும்போது சத்தம் போடும், தகரக் கூரை சாயங்காலம் போடுவதில்லையா. ஆனால் போர் வண்டியில் ஆயுளைக் கழித்தவனுக்குப் பைப்பில் விழும் சுத்தியல் சத்தம் தெரியாமல் போகுமா. கம்ப்ரசர் இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது, பைப்பைத் தட்டித்தான் பேசுவோம், ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு தூக்கு. ஒரு தட்டு. காத்திருக்கிறேன். எதை நிறுத்தச் சொல்கிறது. நானா ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் நிறுத்து என்று சொன்ன யாருக்கும் நான் நிறுத்தியதில்லை, போலீசுக்கும் நிறுத்தியதில்லை, இந்த மலைக்கா. சுத்தியல் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. துளைக்குள் கொஞ்ச தூரத்துக்கு இரும்புப் பைப் இறக்கியிருக்கிறது, அதன் விளிம்பு வெளியே தெரிகிறது. பதிலுக்குத் தட்டலாம். தட்டினால், அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி. அதைத்தானே எல்லோரையும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். கை சுத்தியலை எடுத்துவிட்டது, என்னைக் கேட்காமல். டக், டக். இரண்டு. தூக்கட்டுமா. இரும்பின் அதிர்வு கீழே இறங்கி இறங்கிப் போவதை உட்கார்ந்த இடத்தில் உணர்கிறேன். பதில் இல்லை. பதில் இல்லாததுதான் பயங்கரமாக இருக்கிறது, அது வெறுமை மாதிரி இல்லை, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது. நெஞ்சில் பெட்டி சில்லென்று இருக்கிறது, என் உடம்பு அதைச் சூடாக்குகிறதா, அது வழியாக மலை என்னைக் குளிர வைக்கிறதா. யாருடைய சூட்டை யார் அளக்கிறார்கள். எண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பூஜ்ஜியம் மாறியிருந்தால் என்ன செய்வது, ஏறியிருந்தால் என்ன, இறங்கியிருந்தால் என்ன, எது நல்லது என்றே எனக்கு மறந்துவிட்டது. கல்தூசி, விரல், பெயர். நான்காவது என்ன. நான்காவது. என்னுடையது ஏதோ ஒன்று, நான்காவது. மஞ்சளாக ஏதோ விளிம்புக்கு மேலே எழும்புகிறது, சாய்ந்த ஜா, ராஜா, மலைக்குள்ளிருந்து ராஜா ஏறி வருகிறான், ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

கயிற்றைப் பிடித்து முதலில் ஏறியவன் அவன்தான், காதோரம் நரைத்தவன். பின்னால் டாக்டரம்மா, பிறகு கம்பளி மப்ளருக்குள் மூச்சு வாங்கும் துணைத் தாசில்தார், சாலை வேலை செய்யும் உள்ளூர் அம்மாள் ஒருத்தி, மளிகைக் கடைக்காரர் ஒருவர், இவர்கள் இருவரும் சாட்சிகள், கடைசியில் அர்த்தனாரி. விளிம்பில் இடமில்லை, எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். டாக்டரம்மா என் கோட்டுக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தார். எண்களைத் தாசில்தாருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். மைனஸ், மைனஸ், இது மட்டும் பூஜ்ஜியம், நாங்கள் இறக்கிய நாளிலிருந்து பூஜ்ஜியம், இங்கே பனி அடைத்த பிளவு இருக்கிறது, அந்தப் பக்கம் வெளுத்துத் தெரிகிற இடம்வரை போகிறது, ஆள் நிற்கும் அகலம் என்றார். தாசில்தார் தலையாட்டினார். இடம் இருக்கிறது என்று எழுதினார். பிறகு ஆள் என்றார். நான் முன்னால் நகர முடியாததால் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன், லக்மு மண்டாவி, தகப்பன் ஆய்த்து மண்டாவி, ஊர் ஊசர்மெட்டா. மேடையில் பேசிப் பழகிய குரல், பள்ளத்தாக்கில் போய் முட்டித் திரும்பியது. தாசில்தார் எரிச்சல் இல்லாமல்தான் கேட்டார், நீங்கள் அன்றைக்கு இங்கே இருந்தீர்களா. இல்லை. அர்த்தனாரி உடைந்த இந்தியில் சொன்னான், எங்களிடம் அந்த வேலைக்கு இருப்பது ஒரே ஆள், பெயர் ராஜா, எல்லாக் காகிதத்திலும் ராஜா, அதோ நிற்கிறான், வருஷக்கணக்காக இருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவனே நம்புவது எனக்குத் தெரிந்தது. பாபுவைக் கேளுங்கள் என்றேன். பாபு வேறு சைட்டுக்குப் போயிட்டானுங்கண்ணா, காலைலதான் அனுப்பினேன் என்றான் அர்த்தனாரி, தமிழில், எனக்கு மட்டும். சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் ‘மற்றும் பலர்’. அதுதான் நான்காவது, இப்போது ஞாபகம் வந்து என்ன செய்ய.

தாசில்தார் பேனா மூடியைத் திருகப் போனவர், நிறுத்திவிட்டு மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார். நீதான் ராஜாவா என்றார். நான் அவனைப் பார்க்கவில்லை. பிழைக்க வந்தவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், அதற்காக அவனைக் குறை சொல்லவும் மாட்டேன், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அர்த்தனாரி குரலைத் தாழ்த்திக்கொண்டான், அதட்டல் இல்லை, கெஞ்சலுக்குப் பக்கத்தில் இருந்தது.

“சொல்லு ராஜா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லீரு, கீழ எறங்கலாம்.”

அவன் துளையைப் பார்த்தான். பிறகு தன் காலுக்கடியில், சுவரும் விளிம்பும் சேரும் அந்தக் கோட்டைப் பார்த்தான். அவன் கணுக்காலிலும் அந்தக் காற்று பட்டிருக்க வேண்டும். மெதுவாகத் தாடைக்கடியில் கிளிப்பைக் கழற்றினான், ஹெல்மெட்டை எடுத்து அர்த்தனாரியின் கையில் கொடுத்தான். கீழே வைக்க இடமில்லை, அதனால் அர்த்தனாரி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழ் வராது என்று நான் நினைத்தவன் எங்கள் ஊர்த் தமிழில், கொஞ்சம் மூக்கடைத்த குரலில் பேசினான்.

“ராஜா இது மேல எழுதியிருக்குதுங்க. எம் மேல எழுதலீங்க.”

அதற்குப் பிறகு இந்தியில் தாசில்தாரிடம் பேசினான், நான் விட்டுவிட்டுத்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆள் மலைக்குள் போய்விட்டான், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வந்த அன்றைக்கு இந்த ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் காயவில்லை, என் கையில் ஒட்டியது. லக்முவை நான் பார்த்ததில்லை. நான் லக்மு இல்லை, ராஜாவும் இல்லை. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான், தலைமுடி காற்றில் கலைந்தது. அர்த்தனாரி ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான், எழுத்து தெரியாதபடி. மளிகைக் கடைக்காரர் செருமினார். ஆள் இருந்தான் என்று தாசில்தார் எழுதினார். அப்படியானால் நீ யார் என்று கேட்டார், அவன் தன் பெயரைச் சொல்லச் சொல்ல எழுதினார், ஒரு எழுத்துக்கு இரண்டுமுறை கேட்டார். சாட்சிகளை அருகில் வரச் சொன்னார். வர இடமில்லை, அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள், அவள் கை சூடாக இருந்தது. எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, சொன்னவனின் பெயரிலிருந்து தொடங்கி, ஊர்ச்சபையில் படிப்பது போல உரக்கப் படித்தார்.

“சோமாரு போயாம்.”